கேமரா எதன்மேல் நிற்கிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினிக்குள் இருக்கும் கேமரா. முப்பரிமாண மென்பொருள் எதையாவது திறந்து ஒரு கேமரா வேண்டும் என்று கேட்டால் அடுத்த நொடியே கிடைத்துவிடுகிறது. அதற்கு எடை கிடையாது. கால் கிடையாது. அதைத் தூக்க நான்கு ஆள் வேண்டாம். சுவரில் முட்டாது, தரையில் உரசாது, நினைத்த மாத்திரத்தில் மலை உச்சிக்கும் போகும், எறும்புப் புற்றுக்குள்ளும் நுழையும். கேட்கும்போது இவை எல்லாம் வரங்களாகத் தெரிகின்றன. இந்த வரங்களே அந்தக் கேமராவின் குறை என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். அனிமேஷனுக்காகவும், படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளைக் கணினியில் எடுத்துப் பார்க்கும் ப்ரீவிஸ் வேலைக்காகவும் நாம் பயன்படுத்தும் கேமராவை அப்படியே வெறுமையாக விட்டுவிடக் கூடாது. அதற்கு ஓர் உடல் கட்ட வேண்டும். அந்த உடலைத்தான் தொழிலில் ‘ரிக்’ என்கிறோம். கேமரா எங்கே நிற்கிறது? எதன்மேல் நிற்கிறது? யார் கை அதை நகர்த்துகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய கேமராவைத்தான் பார்வையாளர் நம்புவார், படப்பிடிப்புத் தளமும் நம்பும். இதுவே என் வாதம்.

முதலில் பார்வையாளரிடமிருந்து தொடங்குவோம். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் கேமராவைப் பார்ப்பதில்லை. ஆனால் அது நகரும் விதத்தை ஒவ்வொரு நொடியும் உணர்கிறார். தண்டவாளத்தில் ஓடும் ட்ராலிக்கு ஒரு நடை உண்டு: மெல்லப் புறப்பட்டு, சீராக ஓடி, மெல்ல நிற்கும். நீண்ட கை கொண்ட ஜிம்மி ஜிப்புக்கு ஒரு நடை உண்டு: கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு வில் வரைந்தபடி எழும். தோளில் வைத்த கேமரா மூச்சு விடும், அடி எடுத்து வைக்கும். 1970களின் நடுவில் கேரட் பிரவுன் ஸ்டெடிகேம் கருவியை உருவாக்கினார். 1976இல் வெளிவந்த ‘ராக்கி’யிலும் 1980இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’கிலும் அது தரையில் வழுக்கிச் செல்வதுபோல் நகர்ந்தபோது பார்வையாளர்கள் புதிதாக ஒரு நடையைக் கற்றுக்கொண்டார்கள். தொலைக்காட்சிச் செய்தியில் படம் குலுங்கினால், எடுப்பவர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாடத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திரை நமக்குப் புகட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவரும் இந்தப் பாடத்தில் தேறியவர்தான். அப்படிப்பட்டவருக்கு முன்னால், எடையே இல்லாமல் பறந்து திரியும் ஒரு கேமராவைக் காட்டினால் என்ன ஆகும்? என்ன தவறு என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் திரையில் இருப்பது ஓர் இடம் என்ற நம்பிக்கை அவர் மனத்தில் மெல்லத் தளர்ந்துவிடும்.

இது கணினி வந்த பிறகு முளைத்த கவலை என்று நினைக்க வேண்டாம். கையால் வரைந்த காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. நிலவு காயும் இரவில் ஒரு பண்ணை வீட்டை ஒரே தாளில் வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தப் படத்தை நெருங்குகிறது. வீடு பெரிதாகிறது, வேலி பெரிதாகிறது, கூடவே நிலவும் பெரிதாகிறது. ஒரு வீட்டை நோக்கி நாம் நடந்தால் நிலவு பெரிதாகுமா? ஆகாது. அந்த ஒரு பிழையைத் தீர்க்கத்தான் டிஸ்னி நிறுவனத்தில் வில்லியம் கேரிட்டி தலைமையில் மல்ட்டிப்ளேன் கேமரா உருவானது. வேலியை ஒரு கண்ணாடித் தட்டிலும், வீட்டை இன்னொன்றிலும், நிலவைக் கடைசித் தட்டிலும் வைத்து, தட்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தார்கள். அருகில் இருப்பது வேகமாக விலகியது, தொலைவில் இருப்பது அசையாமல் நின்றது. 1937இல் ‘தி ஓல்டு மில்’ குறும்படத்தில் அது பயன்பட்டது, அந்தப் படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. கவனியுங்கள் நண்பர்களே: வரைபவர் கையில் முழுச் சுதந்திரம் இருந்தது. நிலவை எந்த அளவிலும் வரையலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. இருந்தும் அவர்கள் பெரும் இரும்புச் சட்டகம் ஒன்றைக் கட்டி, தங்கள் ஓவியத்துக்குள் ஓர் உண்மையான கேமராவின் விதியைக் கொண்டுவந்தார்கள். கேமரா ஓரிடத்தில் நிற்கிறது என்று பார்வையாளர் நம்பினால்தான், அது பார்க்கும் உலகமும் இருக்கிறது என்று நம்புவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சரி, கணினிக் கேமராவுக்கு உடல் கட்டுவது எப்படி? கண்ணிலிருந்து தொடங்குவோம், அதாவது லென்ஸிலிருந்து. 35 மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொன்னால் அது பாதிச் செய்திதான். அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் எவ்வளவு அகலம் என்பது மீதிச் செய்தி. மாயா மென்பொருளில் புதிதாக ஒரு கேமராவை எடுத்தால், அது 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டகத்தோடும் 35 மில்லிமீட்டர் லென்ஸோடும் வரும். அதன் பார்வை பக்கவாட்டில் சுமார் 54 பாகை விரியும். திரைப்படத்தில் பெரிதும் புழங்கும் சூப்பர் 35 சட்டகத்தின் அகலம் 24.89 மில்லிமீட்டர். அதே 35 லென்ஸை அதில் மாட்டினால் பார்வை சுமார் 39 பாகைதான். பெயர் ஒன்று, பார்வை வேறு. இதனால் என்ன கேடு? ஆறடி அகலமுள்ள ஒரு காட்சியைச் சட்டகத்துக்குள் அடக்க வேண்டும் என்று கொள்வோம். ப்ரீவிஸ் செய்தவரின் கேமரா ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி தள்ளி நின்றால் போதும். தளத்தில் நிற்கும் கேமராவோ ஏறக்குறைய எட்டரை அடி பின்னால் போக வேண்டும். அங்கே ஏழாவது அடியில் சுவர் இருந்தால்? இயக்குநர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்த ஷாட், அன்று காலையில் எடுக்க முடியாத ஷாட் ஆகிவிடும். சுவரை இடிக்க வேண்டும், அல்லது லென்ஸை மாற்ற வேண்டும். லென்ஸை மாற்றினால் கேமரா நிற்கும் தூரம் மாறும், முகத்தின் வடிவம் மாறும், பின்னணி மாறும். ஒரே ஓர் எண்ணை முதல் நாளே சரியாக நிரப்பியிருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது. காட்சியின் அளவும் அப்படியே. ஒரு அலகு என்பது சென்டிமீட்டரா, மீட்டரா என்று பார்க்காமல் மலையைக் கட்டிவிட்டு, ஃபோகஸ் ஆழத்தை மட்டும் கேமராக் கணக்குப்படி போட்டால், மலையின் அடிவாரம் தெளிவாகவும் உச்சி மங்கலாகவும் விழும். பெருமலை மேசைமேல் வைத்த பொம்மையாகிவிடும்.

கண்ணுக்கு அடுத்தது மூட்டுகள். உண்மையான கேமராவைப் பாருங்கள். தரையில் தண்டவாளம், அதன்மேல் ட்ராலி, அதன்மேல் ஜிப்பின் நீண்ட கை, அந்தக் கையின் நுனியில் பக்கவாட்டில் திரும்பும் பான், அதன்மேல் மேலும் கீழும் சாயும் டில்ட், அதற்கும் மேலே கேமரா, அதன் முன்னால் லென்ஸ். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இந்த அடுக்குதான் ரிக்கின் எலும்புக்கூடு. கணினியிலும் இதே வரிசையில் தாய், சேய், பேரன் என்று அடுக்க வேண்டும். வரிசையில் ஏன் இத்தனை பிடிவாதம்? டில்ட்டுக்கு மேல் பான் ஏறி உட்கார்ந்துவிட்டால், கேமராவைக் கீழே சாய்த்துப் பக்கவாட்டில் திருப்பும்போது அடிவானம் சரிந்துபோகும். பான், டில்ட், கேமரா தன் பார்வை அச்சிலேயே உருளும் ரோல் ஆகிய மூன்று சுழற்சிகளையும் ஒரே இடத்தில் போட்டு, எது முன், எது பின் என்று பார்க்காமல் விட்டாலும் இதே கதைதான். ஜிப் என்பது வேறொன்றும் இல்லை, நம் கிராமத்துக் கிணற்றடியில் நின்ற ஏற்றம்தான். நடுவே ஒரு தாங்கி, ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நீண்ட கை. ஏற்றத்தின் நுனி நேர்கோட்டில் உயராது. வட்டத்தின் ஒரு துண்டாக வளைந்துதான் உயரும். உயரும்போதே கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். கணினியில் கேமராவைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் அந்த வளைவு கிடைக்காது. தாங்கியை வைத்து, கையின் நீளத்தைக் கொடுத்து, கையைச் சுழற்றினால் வளைவு தானாகவே வரும். இன்னொரு நுட்பமும் உண்டு. முக்காலியில் வைத்த கேமரா தன் லென்ஸின் நடுப்புள்ளியில் சுழல்வதில்லை. சுழலும் அச்சு கேமராவின் உடம்புக்குக் கீழே இருக்கிறது, லென்ஸோ அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பான் செய்யும்போது லென்ஸ் ஒரு சிறிய வளைவில் நகர்கிறது. அருகிலுள்ள தூண், தொலைவிலுள்ள சுவரைவிட மயிரிழை கூடுதலாக விலகுகிறது. அந்த மயிரிழை இல்லையென்றால், காட்சி ஒரு புகைப்படத்தைச் சட்டகத்துக்குப் பின்னால் இழுத்ததுபோல் தட்டையாகிவிடும். அச்சை லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பது சில நொடி வேலை. அந்தச் சில நொடியில் ஒரு தூணுக்கும் சுவருக்கும் நடுவே காற்று புகுந்துவிடுகிறது.

எலும்பு அமைந்தது. இனி எடை. கணினிக்குள் எடையை எங்கே வைப்பது? காலத்தில் வைக்க வேண்டும். ஓர் எளிய கணக்குப் போடுவோம். நொடிக்கு 24 ஃபிரேம். கேமராவின் இடத்தை நாம் குறித்துவைக்கும் ஃபிரேம்தான் கீஃப்ரேம். முதல் கீஃப்ரேமுக்கும் அடுத்த கீஃப்ரேமுக்கும் இடையே 12 ஃபிரேம், அதாவது அரை நொடி. அந்த அரை நொடியில் கேமரா பத்தடி நகர்கிறது. அனிமேட்டருக்கு அது திரையில் ஒரு சின்னக் கோடுதான். அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்! நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்த வேகத்தைப் பிடித்து, மறு நொடியே ஆணியடித்தாற்போல் நிற்க வேண்டும். மேலே ஒளிப்பதிவாளரும் உதவியாளரும் உட்கார்ந்த ட்ராலியை எந்தத் தொழிலாளர் அப்படித் தள்ளுவார்? எந்தத் தண்டவாளம் அதைத் தாங்கும்? ஆகவே நல்ல ரிக்கில் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கும், கிளம்புவதற்கும் நிற்பதற்கும் ஒரு காலம் இருக்கும். லென்ஸ் தரையிலிருந்து எத்தனை அடி, நடிகரிடமிருந்து எத்தனை அடி, தண்டவாளம் எவ்வளவு நீளம், வேகம் எவ்வளவு என்பதெல்லாம் எண்களாகக் கண்முன்னே தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இந்தப் பாத்திரத்தையே பார்’ என்று கேமராவுக்குக் கட்டளையிட்டுவிட்டால், பாத்திரம் எப்படி ஓடினாலும் சட்டகத்தின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உயிருள்ள ஒளிப்பதிவாளர் அப்படிச் செய்வாரா? அவர் நடிகரைப் பின்தொடர்பவர். நடிகர் திரும்பிய பிறகுதான் அவர் கை திரும்பும். நடிகர் நின்ற பிறகும் கை ஒரு கணம் கடந்து போய்த் திரும்பி வரும். அந்த ஒரு கணத் தாமதத்தில்தான் கேமராவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உணர்வு பிறக்கிறது.

கையில் பிடித்த கேமரா என்றதும் பலர் செய்வது என்ன? மென்பொருள் தரும் நடுக்கத்தைச் சேர்ப்பார்கள். படம் குலுங்கும், ஆனால் அந்தக் குலுக்கலில் மனித உடல் இருக்காது. நடக்கும்போது வரும் ஆட்டம் அடிக்கு அடி ஒரு தாளத்தில் வரும். நிற்கும்போது வருவது மூச்சின் மெல்லிய ஏற்ற இறக்கம். கனமான கேமரா மெதுவாக அசையும், சிறிய கேமரா வெடுக்கென்று அசையும். இதை உணர்ந்தவர்கள் நேராக மனித உடலிடமே போனார்கள். 2007இல் வெளிவந்த ‘சர்ஃப்ஸ் அப்’ அனிமேஷன் படம் ஓர் ஆவணப்படத்தின் பாணியில் சொல்லப்பட்டது. பென்குவின்கள் அலைச்சறுக்கு விளையாடும் கற்பனை உலகம் அது. அந்த உலகத்தை யாரோ நேரில் நின்று படம்பிடிக்கிறார்கள் என்று நம்மை நம்பவைக்க வேண்டும். சோனி பிக்சர்ஸ் இமேஜ்வர்க்ஸ் கலைஞர்கள் என்ன செய்தார்கள்? உண்மையான கேமரா ஒன்றை ஒருவர் தோளில் ஏந்தி நடக்க, அதன் அசைவுகளை மோஷன் கேப்ச்சர் முறையில் பதிவுசெய்து, கணினிக் கேமராவுக்கு ஏற்றினார்கள். அந்த முறைக்கு ஹேண்டிகேம் என்று பெயரும் வைத்தார்கள். பென்குவின் கற்பனை, அலை கற்பனை. அந்தக் கற்பனைக்குச் சாட்சியாக நின்ற தோள் மட்டும் உண்மை. சாட்சி உண்மையாக இருந்ததால் கதையும் நம்பும்படி ஆயிற்று.

இனி லென்ஸின் குறைகளைப் பற்றிப் பேச வேண்டும். ஆம், குறைகளைப் பற்றித்தான். கணக்கால் ஆன லென்ஸில் கோடு வளையாது, ஓரம் மங்காது, ஃபோகஸை மாற்றினால் சட்டகம் சுருங்கி விரியாது. கண்ணாடியால் ஆன லென்ஸில் இவை எல்லாம் நிகழும். 2008இல் வெளிவந்த ‘வால்-ஈ’ படத்தை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத பூமியில் தனியாகக் குப்பை அள்ளும் ஓர் இயந்திரம். படத்தின் முதல் பகுதியில் பேச்சே அரிது. வசனம் தாங்க வேண்டிய பாரத்தையும் அங்கே படம்தான் தாங்க வேண்டும். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனும் பிக்சார் கலைஞர்களும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸையும் காட்சி விளைவுகளின் மூத்த கலைஞர் டென்னிஸ் முரனையும் ஆலோசகர்களாக அழைத்தார்கள். 1970களின் பானாவிஷன் கேமராவைக் கொண்டுவந்து சோதனைக் காட்சிகள் எடுத்தார்கள். கண்ணாடி லென்ஸ் எங்கே வளைக்கிறது, எப்படி மங்கலாக்குகிறது, தொலைவு விளக்குகளை எப்படி நீள்வட்டமாக்குகிறது என்று பார்த்து, தங்கள் கணினிக் கேமராவைத் திருத்தினார்கள். குறைகளைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அதன் பயன் என்ன? ஒரு துருப்பிடித்த இயந்திரம் தனியாகச் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கும்போது நம் தொண்டை அடைக்கிறது. அங்கே யாரோ போய் நின்று எடுத்திருக்கிறார்கள் என்று நம் கண் சொல்வதால் அடைக்கிறது.

இதைக் கதையின் மொழியாகவே ஆக்கியவர்களும் உண்டு. 2015இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தில் இரண்டு உலகங்கள்: ஒரு சிறுமியின் மனத்துக்குள் ஓர் உலகம், அவள் வாழும் வெளியுலகம் ஒன்று. கேமராப் பொறுப்பை ஏற்றிருந்த பாட்ரிக் லின் இரண்டுக்கும் வெவ்வேறு கேமராக்களை வகுத்தார். மனத்துக்குள் பழைய ஹாலிவுட் பாணியில் சீராக ஓடும், வளைவே இல்லாத கேமரா. வெளியே, லென்ஸின் குறைகளோடு, சில சமயம் ஃபோகஸ் தவறவும் செய்யும், மனிதக் கை ஏந்திய கேமரா. எந்தப் பலகையும் வைக்காமல், எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று பார்வையாளரின் உடல் அறிந்துகொள்கிறது. இரண்டு கேமராக்களும் எடையற்றவையாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுவது? எடை இருந்தால்தான் எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

இதுவரை அனிமேஷனைப் பற்றிச் சொன்னேன். ப்ரீவிஸுக்கு வரும்போது என் வாதம் இன்னும் கடுமையாகிறது. அனிமேஷனில் பொய்யான கேமரா பார்வையாளரின் நம்பிக்கையைத்தான் குலைக்கும். ப்ரீவிஸில் அது பணத்தையும் நாளையும் மனித உழைப்பையும் குலைக்கும். ஏனென்றால் ப்ரீவிஸ் என்பது ஒரு வாக்குறுதி. ‘இந்தக் காட்சியை இந்த இடத்தில், இந்த லென்ஸில், இந்தக் கருவியால் எடுக்க முடியும்’ என்று தளத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதி. அதனால்தான் ப்ரீவிஸிலிருந்து தூரம், உயரம், வேகம், கருவி எல்லாவற்றையும் அளந்தெடுத்துக் கொடுக்கும் வேலைக்கு டெக்விஸ் என்று தனிப்பெயரே இருக்கிறது. 2013இல் வெளிவந்த ‘கிராவிட்டி’யைப் பாருங்கள். அல்ஃபோன்ஸோ குவாரோன் இயக்கம், இம்மானுவேல் லுபெஸ்கி ஒளிப்பதிவு. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் மனிதர்களின் கதை. ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனத்தின் கலைஞர்கள் காட்சிகளை முன்கூட்டியே கணினியில் வகுத்தார்கள். அங்கே வகுத்த அசைவுகளே பிறகு தளத்தில் ரோபோக் கைகளை இயக்கின, அந்தக் கைகள் கேமராவை நகர்த்தின. கார்த் தொழிற்சாலைகளில் நிற்கும் வகைக் கைகள் அவை. அந்தக் கைக்கு ஒரு நீளம் உண்டு, மூட்டுக்கு ஒரு வரம்பு உண்டு, அருகில் நடிகரின் முகம் இருக்கிறது. கணினியில் வகுத்த பாதை அந்த வரம்பை மீறினால் எடுக்க முடியாது, ஆளுக்கும் ஆபத்து. எடையற்ற வெளியைக் காட்டிய படம், எடையுள்ள இயந்திரத்தின் கணக்கின்மேல்தான் நின்றது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வேண்டும் என்றால் இன்னொன்றும் உண்டு. 2019இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய ‘தி லயன் கிங்’. அந்தப் படத்தில் தொடக்கத்துச் சூரியோதய ஷாட் ஒன்றுதான் உண்மைக் கேமராவால் எடுத்தது. மற்ற அனைத்தும் கணினியில் பிறந்தவை. சிங்கம் இல்லை, புல்வெளி இல்லை, ஆப்பிரிக்கா இல்லை. இருந்தும் அவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தளம் அமைத்து, ட்ராலி கொண்டுவந்தார்கள், கிரேன் கொண்டுவந்தார்கள், ஸ்டெடிகேம் கொண்டுவந்தார்கள். அவற்றின் அசைவை அளக்கும் உணரிகளைப் பொருத்தி, கேமரா இல்லாத அந்தக் கருவிகளால் கணினிக்குள் இருந்த கேமராவை இயக்கினார்கள். ஒளிப்பதிவாளர் கேலெப் டெஷனல் பல பத்தாண்டுகள் உண்மைக் கேமராவோடு வாழ்ந்தவர். அவருடைய கைப்பழக்கம், ட்ராலி தள்ளுபவரின் கால்பழக்கம், ஃபோகஸ் புல்லரின் விரல்பழக்கம், இவற்றை எல்லாம் கணினிக்குள் கொண்டுபோகத்தான் அத்தனை இரும்பும். கணினி மவுஸை வைத்து ஓட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் ஒரு கைத்தொழிலின் நினைவு முழுவதும் வெளியே நின்றிருக்கும்.

நண்பர்களே, இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மறுப்புகளைச் சந்திக்காத வாதம் பாதி வாதம்தான்.

முதல் மறுப்பு வலுவானது. ‘அனிமேஷன் என்பதே சுதந்திரம். இரும்பின் தளைகளிலிருந்து விடுபட்ட கேமராவை மறுபடியும் ஏன் இரும்பில் கட்டுகிறீர்கள்?’ இதற்கு நான் இரண்டு பதில்கள் சொல்வேன். முதல் பதில்: தளைகள்தான் பல சமயம் மொழியைப் பெற்றெடுத்தன. 1958இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வில் மாடிப்படிக் கிணறு கண்முன்னே நீளும் காட்சியை எண்ணுங்கள். ட்ராலி ஒரு திசையில் ஓட, ஜூம் அதற்கு எதிராக ஓடும். படிக்கட்டுக் கிணற்றுக்கு மேலே கனமான கேமராவைத் தொங்கவிட்டு நகர்த்துவது பெருஞ்செலவு என்பதால், சிறிய மாதிரிப் படிக்கட்டு ஒன்றைச் செய்து தரையில் படுக்கவைத்து எடுத்தார்கள். கேமராவின் எடைதான் அந்த வழியைக் காட்டியது. தூரத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள உறவு உண்மையானது என்பதால்தான் தலைச்சுற்றலும் உண்மையாக வந்தது. இரண்டாவது பதில்: விதியை மீறக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. 2002இல் வெளிவந்த டேவிட் ஃபிஞ்சரின் ‘பேனிக் ரூம்’ படத்தில் கேமரா ஒரு காபிப் பாத்திரத்தின் கைப்பிடிக்குள் நுழைந்து போகிறது. எந்தக் கேமராவும் போக முடியாத வழி அது. ஆனால் அது போகும் வேகம் சீரானது, வீட்டின் அளவுகள் துல்லியமானவை, லென்ஸின் பார்வை மாறாதது. கேமராவின் பருமன் என்ற ஒரே ஒரு விதியை மட்டும் அவர் உடைத்தார், மற்ற எல்லா விதிகளையும் காப்பாற்றினார். அதனால்தான் அந்த ஒரு மீறல் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ கலைஞர்கள் அசைவு மங்கலைக் கைவிட்டார்கள். ஃபோகஸ் மங்கலுக்குப் பதிலாக, அச்சில் வண்ணங்கள் விலகி விழுந்த காமிக்ஸ் தாளின் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் லென்ஸை அறியாமல் விட்டவர்களா? நன்றாக அறிந்து, அதன் இடத்தில் அச்சுத்தாளின் விதியை வைத்தவர்கள். இலக்கணம் தெரிந்தவர் மீறினால் அது புதுமை, தெரியாதவர் மீறினால் அது பிழை. எல்லா விதியும் ஒன்றாகக் காணாமற்போன இடத்தில் மீறலுக்கே பொருள் இல்லை.

இரண்டாவது மறுப்பு: ‘பார்வையாளருக்கு இவ்வளவு நுட்பம் தெரியுமா? சென்சார் அகலத்தை யார் அளக்கப் போகிறார்கள்?’ உண்மை, யாரும் அளக்க மாட்டார்கள். தாளம் தப்பினால் எந்த அட்சரத்தில் தப்பியது என்று எல்லாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அரங்கம் முழுவதும் முகம் சுளிக்கும். மல்ட்டிப்ளேன் கேமராவைக் கட்டியவர்கள் பார்வையாளருக்குக் கண்ணாடித் தட்டுகளைக் காட்டவில்லை. பெரிதாகாத நிலவைத்தான் காட்டினார்கள். காரணம் தெரியாமலே விளைவை உணர்பவர்தான் பார்வையாளர். அவரது அறியாமையை நம்பி வேலை செய்வதைவிட, அவரது உணர்வை மதித்து வேலை செய்வது கலைக்கு அழகு.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ‘பெரிய நிறுவனங்களுக்கு இது சரி. நான்கு கணினியும் ஐந்து பேரும் உள்ள சிறிய ஸ்டுடியோ என்ன செய்யும்? நேரம் எங்கே இருக்கிறது?’ இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். நான் ரோபோக் கைகளை வாங்கச் சொல்லவில்லை. பான், டில்ட், ரோல் மூன்றுக்கும் மூன்று தனிக் கணுக்கள், அதாவது மூட்டுகள். கீழே ஒரு ட்ராலிக் கணு. ஏற்றத்தைப்போல் ஒரு ஜிப் கை. சட்டகத்தின் உண்மை அளவு. உற்பத்தியாகும் லென்ஸ்களின் பட்டியல்: 18, 25, 35, 50, 75, 100. இவ்வளவுதான் அடிப்படை. ஒருமுறை கட்டிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அதே ரிக் உழைக்கும். லென்ஸ் பட்டியல் இருந்தால் 37.4 மில்லிமீட்டர் என்ற இல்லாத லென்ஸில் யாரும் காட்சி அமைக்க மாட்டார்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் 180 பாகை ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளியைப் பெறும். அந்த எண்ணை ரெண்டரில் நிரப்பப் பணம் வேண்டியதில்லை. சொல்லப்போனால், திருத்தங்களுக்குத் திரும்பத் திரும்பச் செலவிட வசதியில்லாத சிறிய ஸ்டுடியோவுக்குத்தான் முதலிலேயே சரியாகக் கட்டிய கேமரா மிகவும் தேவை.

நான்காவது மறுப்பு இன்றைய காலத்தின் மறுப்பு. ‘இப்போதெல்லாம் கையில் ஒரு திரையைப் பிடித்து நடந்தால் போதும், கணினிக் கேமராவும் கூடவே நடக்கிறது. இனி ரிக் எதற்கு?’ அந்த வழி ஏற்கெனவே பெரும் பணி செய்திருக்கிறது. ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’ படத்தின் குகைச் சண்டைக்குப் பீட்டர் ஜாக்சன் கையில் ஏந்திய கருவியால் கணினிக் காட்சிக்குள் நடந்து ஷாட்களைத் தேடினார். ‘அவதார்’ படத்தில் ஜேம்ஸ் கேமரூன் அந்த முறையைப் பெருமளவில் வளர்த்தார். ஆனால் கவனியுங்கள், கை கொடுப்பது கையின் அசைவை மட்டும்தான். கையில் இருப்பது ஒரு சிறிய திரை என்றால், வரும் அசைவும் அந்தச் சிறிய திரையின் அசைவுதான். இருபது கிலோ கேமராவின் அசைவு ஆகாது. அந்தக் கை எந்த லென்ஸை ஏந்தியிருக்கிறது, சட்டகம் எவ்வளவு அகலம், அது கிரேனின் நுனியில் இருப்பதாகக் கொள்வதா, தோளில் இருப்பதாகக் கொள்வதா என்பதை எல்லாம் யார் சொல்வது? ரிக்தான் சொல்ல வேண்டும். நேரடிக் கருவி வந்ததால் ரிக்கின் வேலை குறையவில்லை. உயிருள்ள ஒரு கைக்கு ஏற்ற உடலாக இருக்க வேண்டிய பொறுப்பு அதன்மேல் கூடியிருக்கிறது.

அன்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த முறை கணினியில் ஒரு ஷாட்டைத் தொடங்கும்போது, முதல் கீஃப்ரேம் போடும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். கேமரா எங்கே நிற்கிறது: தரையிலிருந்து எத்தனை அடி, நடிகரிடமிருந்து எத்தனை அடி. எதன்மேல் நிற்கிறது: முக்காலியா, ட்ராலியா, ஜிப்பா, தோளா. யார் கை அதை நகர்த்துகிறது: நிதானமான கையா, அவசரக் கையா, அஞ்சிய கையா. இந்த மூன்றாவது வரியை எழுதும்போது, அந்தக் காட்சியை நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள் என்பதே உங்களுக்கு விளங்கிவிடும். நிதானமான கை என்று எழுதியவர் பாத்திரத்தை நம்புகிறார். அஞ்சிய கை என்று எழுதியவர் பாத்திரத்தோடு சேர்ந்து பயப்படுகிறார். எண்களில் தொடங்கிய வேலை அங்கே அன்பில் போய் நிற்கிறது. இல்லாத ஓர் உலகத்துக்குள் ஒரு மனிதரை அனுப்பி, அவர் தோளில் உண்மையான ஒரு பாரத்தை ஏற்றி, ‘நீ பார்த்ததை எங்களுக்குக் காட்டு’ என்று கேட்பதுதான் கணினிக் கேமரா கட்டும் கலை. அந்த மனிதருக்கு நிற்க ஓர் இடம் கொடுங்கள்.